டீசல் வண்டித் தொட்டிக்குச் சம்ப் அமைத்தல்

நாஞ்சில் நாடு என்று வழங்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் நெல்லும் வாழையும் பூவும் முக்கியமான விளைபொருள்கள் என்பது யாவரும் அறிந்ததே. முற்காலத்தில் இவற்றைக் களத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் சந்தைக்குக் கொண்டு சென்றவை மாட்டு வண்டிகள். இக்காலத்தில் அவ்வேலையைப் பெரும்பாலும் டீசல் எண்ணெயால் ஓடும் சிறு பிக்கப் வண்டிகளே செய்து வருகின்றன. மாடு நோயுற்றால் அதன் குறிகளைக் குடியானவர் முன்னதாகவே கண்டுகொள்வார். வண்டியின் எண்ணெய்த் தொட்டியில் உண்டாகும் கேட்டை அவ்வாறு கண்டுகொள்பவர் மிகச் சிலரே. விடியுமுன் தோவாளைப் பூச்சந்தைக்குப் போய்ச் சேரவேண்டிய பிச்சிப்பூ, வழியில் வண்டி நின்று தாமதித்தால், மொட்டு விரிந்து விலையிழக்கும். கன்னிப்பூ அறுவடையின்போது மழைக்கு முன் களத்தை விட்டு ஏறவேண்டிய நெல்லுக்கும் இதே நிலைமைதான். இவ்வாறு வண்டி நிற்பதற்குரிய காரணங்களில் டீசலுடன் கலந்த தண்ணீர் முக்கியமானது. இதற்குப் பரிகாரமாகத் தொட்டியின் அடியில் ‘சம்ப்’ அமைப்பதைப் பற்றிச் சிலர் விசாரித்து வருவதால், அதன் நன்மை தீமைகளும் அமைக்கும் முறையும் இங்கே விளக்கப்படுகின்றன.

சம்ப் என்பது யாது?

வீடுகளில் குழாய்த் தண்ணீரைத் தேக்கி வைக்கும் நிலத்தடித் தொட்டியைச் சம்ப் என்று சொல்லுவது வழக்கம். எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் பகுதிக்கும் அதே பெயர் உண்டு. எண்ணெய்த் தொட்டிச் சம்ப் என்பது தொட்டியின் அடித்தகட்டில் ஒரு துளையிட்டு, அதன் கீழே கிண்ணம் போன்ற ஒரு குழியைப் பொருத்துவதாகும். தொட்டியின் மற்றெல்லாப் பாகங்களையும்விட அது தாழ்ந்திருப்பதால், கனமான பொருள்கள் யாவும் தாமாகவே அதில் வந்து சேரும்.

தண்ணீர் தொட்டிக்குள் வரும் வழிகள்

இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 1460) விற்பனைக்குரிய டீசலில் ஒரு கிலோவுக்கு 200 மில்லி கிராமுக்கு மேல் தண்ணீர் இருத்தலாகாது. 50 லிட்டர் டீசல் ஏறக்குறைய 41 கிலோ எடையுள்ளது. ஆகவே அந்த எல்லை வரையில் தண்ணீர் இருந்தாலும், ஒரு முறை தொட்டியை நிரப்பும்போது 8 கிராம் அளவே உள்ளே செல்லும். கெடுதியை விளைவிக்கும் மிகுதித் தண்ணீர் பெரும்பாலும் பிறகு வந்து சேர்வதேயாகும்.

இரவில் குளிரும் காற்றிலிருந்து தொட்டிக்குள் பனி படிவதே முதற்காரணம் என்று பலரும் கருதுகின்றனர். இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 30 கிராம் நீராவியையும், 24 டிகிரியில் ஏறக்குறைய 22 கிராம் நீராவியையும் தாங்கும். பாதி காலியான தொட்டியில் 30 லிட்டர் காற்று இருப்பதாகக் கொண்டால், ஓர் இரவில் படியக்கூடியது கால் கிராம் அளவேயாகும். நூறு இரவுகள் கழிந்தாலும் 25 கிராமுக்கு மேற்படாது. இது புறக்கணிக்கத்தக்கதன்று, ஆயினும் மூடியின் ரப்பர் வளையம் கெட்டுப்போன வண்டியை ஒருநாள் பெருமழையில் நிறுத்தினால் அதைவிட அதிகமான தண்ணீர் உட்புகுந்துவிடும்.

இம்மாவட்டத்திற்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகையால் வண்டி மழையில் நனையாத மாதங்கள் சிலவேயாகும். 2017-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி வீசிய ஒக்கிப் புயலின்போதும், 2021-ஆம் வருஷம் நவம்பர் மாதத்துப் பெருமழையின்போதும் உண்டானது போன்ற வெள்ளத்தில் வண்டி நிற்க நேரிட்டால், தொட்டியின் காற்றுக் குழாய் வழியாகவே தண்ணீர் ஏறிவிடக்கூடும். இவற்றுடன், களத்தில் மழை படும்படி வைக்கப்பட்ட கேன்களிலிருந்தும், நிமிர்த்தி நிறுத்திய பீப்பாய்களிலிருந்தும் ஊற்றும் டீசலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து நிற்கும் பீப்பாயின் மேல்தட்டில் மழைநீர் தேங்குகிறது. இரவில் பீப்பாய் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூடியின் புரிகள் வழியாக அந்நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

தண்ணீர் செய்யும் கேடு

டீசலே பம்பின் உட்பாகங்களுக்கு மசகாகவும் பயன்படுகிறது. அவ்விடத்தில் தண்ணீர் வந்தால் மசகு நீங்கி, உலோகத்தோடு உலோகம் உராயும், துருவும் பிடிக்கும். பழைய முறைப் பம்புள்ள வண்டிகளே இதனால் பழுதடையுமென்றால், இக்காலத்துக் ‘காமன் ரெயில்’ முறை வண்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அவற்றில் எண்ணெய் 1,600 பார் அளவுக்கும் அதற்கு மேலும் அழுத்தப்படுகிறது. இன்ஜெக்டரின் உட்பாகங்களுக்கு இடையேயுள்ள இடைவெளியோ சில மைக்ரான் மட்டுமே. ஒரு செட் இன்ஜெக்டர் மாற்ற நேரிட்டால் சிறு குடியானவரின் ஒரு பூவின் ஆதாயம் அதற்கே போய்விடக்கூடும்.

மற்றொரு கேடும் உண்டு. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் ‘ஹார்மோகோனிஸ் ரெசினே’ என்னும் பூஞ்சை வளர்கிறது. இது டீசலை உணவாகவும் தண்ணீரை உறைவிடமாகவும் கொள்வது. கருமையான வழுவழுப்புள்ள கசடாகப் படர்ந்து, பில்டரை அடைத்து விடுகிறது. தண்ணீரை அகற்றிவிட்டால் இப்பூஞ்சைக்கு இடமில்லை.

தண்ணீர் அடியில் தங்கும் விதம்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடையுள்ளது. ஒரு லிட்டர் டீசல் சுமார் 820 முதல் 840 கிராம் வரையில் நிற்கும். ஆகையால் தண்ணீர் கீழே இறங்கிவிடுகிறது. ஆனால் உடனே இறங்குவதில்லை. ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள துளி, 30 செ.மீ. ஆழமுள்ள டீசலில் அடியைச் சேர ஏறக்குறைய கால் மணி நேரம் பிடிக்கும். துளியின் பருமன் அதிலும் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், இறங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். அப்பொழுது ஒரு நாளுக்கு மேற்படும். வண்டி ஓடும்போது தொட்டி குலுங்குவதால் தண்ணீர் சிறு துளிகளாகச் சிதறி எங்கும் கலந்து விடுகிறது. இரவு முழுவதும் வண்டி அசையாமல் நின்றால்தான் தண்ணீரின் பெரும்பகுதி அடியைச் சேரும். சம்ப்பை வடிப்பதற்கு உரிய காலம் எது என்பது இதிலிருந்து விளங்கும்.

சம்ப்பின் இரு வகை

இவ்விஷயத்தில் பலரும் குழப்பமடைகின்றனர். சம்ப் என்று சொல்லப்படுபவை இரு வேறு வகையின. அவற்றின் வேற்றுமையை நாஞ்சில் நாட்டுக் குளங்களைக் கொண்டு எளிதில் அறியலாம்.

குளத்தின் மடை, குளத்தின் அடிமட்டத்திலேயே வைக்கப்படுவதில்லை. சிறிது உயர்த்தியே வைக்கப்படுகிறது. அதற்குக் கீழேயுள்ள தண்ணீர் பாய்ச்சலுக்கு உதவாவிட்டாலும், வண்டல் அங்கேயே தங்கி, வாய்க்காலுக்கு வராமல் நிற்கிறது. வண்டியின் எண்ணெய்த் தொட்டியிலும் உறிஞ்சு குழாயின் வாய் அடித்தகட்டுக்குச் சற்று மேலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அடியில் எஞ்சும் ஒன்றிரண்டு லிட்டர் டீசல் வீணென்று தோன்றினாலும், கசடும் தண்ணீரும் தங்குவதற்கு அதுவே இடம்.

முதல் வகைச் சம்ப் ‘வடி சம்ப்’ எனலாம். இதில் உறிஞ்சு குழாய் பழைய இடத்திலேயே இருக்கும். கீழே பொருத்திய கிண்ணம் தண்ணீரையும் கசடையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதன் அடியிலுள்ள திருகைத் திறந்து அவற்றை வடித்துவிடலாம். குளத்தின் அடியில் வண்டலை வெளியேற்றத் தனி மதகு வைத்ததற்கு இது ஒப்பாகும்.

இரண்டாம் வகை ‘ஊட்டு சம்ப்’. இதில் எஞ்சினுக்குப் போகும் எண்ணெயே அக்கிண்ணத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அமெரிக்க நாட்டில் பெரிய டீசல் பிக்கப் வண்டிக்காரர்கள் அமைத்துக்கொள்வது பெரும்பாலும் இவ்வகையே. அதற்குத் தக்க காரணமும் உண்டு. 2001-ஆம் வருஷம் வெளிவந்த டூராமேக்ஸ் எஞ்சினுள்ள வண்டிகளில் தொட்டியிலிருந்து எண்ணெயைத் தள்ளித்தரும் பம்ப் வைக்கப்படவில்லை. எஞ்சின் பக்கத்திலுள்ள பம்பே தொலைவிலிருந்து உறிஞ்ச வேண்டியிருந்தது. 2016-ஆம் வருஷத்து மாதிரி வரையில் அந்நிலையே நீடித்தது. ஆகவே அவ்வண்டிக்காரர்கள் தனிப் பம்ப் வாங்கி வைத்து, அதற்குத் தடையின்றி எண்ணெய் கிடைக்கும்பொருட்டு ஊட்டு சம்ப்பையும் அமைத்தார்கள்.

ஊட்டு சம்ப்பினால் ஒரு நன்மை உறுதி. எண்ணெய் குறைந்திருக்கும்போது காற்று உட்புகுவதை அது தடுக்கும். 80 செ.மீ. நீளமுள்ள தொட்டி, பத்துக்கு ஒன்று என்ற சரிவுள்ள மேட்டில் ஏறும்போது, அதன் முன் விளிம்பு பின் விளிம்பைவிட 8 செ.மீ. உயர்ந்து நிற்கும். எண்ணெய் முழுவதும் பின்னே போய்விட, முன்புறமுள்ள உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும். எஞ்சின் நின்று ‘ஏர் லாக்’ ஆவது இதனாலேயே. கீரிப்பாறை, பேச்சிப்பாறை முதலான மலைப் பக்கங்களில் ரப்பர், வாழை ஏற்றச் செல்வோர் இதை நன்கு அறிவர். சம்ப்பில் எப்பொழுதும் சிறிது எண்ணெய் நிற்பதால் இத்தொல்லை குறையும்.

ஆனால் அதே சம்ப் தண்ணீரையும் கசடையும் நேரே குழாயின் வாய்க்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. குளத்தின் அடிமடையைத் திறந்தால் முதலில் வருவது சேறே. ஆகையால் பம்புக்கு முன்னதாகத் தண்ணீர் பிரிக்கும் பில்டர் ஒன்று இல்லாமல் ஊட்டு சம்ப் அமைப்பது, நோயை நீக்கக் கருதி விஷத்தை ஊட்டுவதற்கு ஒப்பாகும்.

எந்த வண்டிக்கு எது ஏற்றது?

இரும்புத் தகட்டுத் தொட்டியும் பழைய முறைப் பம்பும் உள்ள வண்டிகளுக்கு வடி சம்ப் நல்ல பயன் தரும். ஆயினும் முதலில் வண்டியின் அடியிற் படுத்துப் பார்த்தல் வேண்டும். பல தொட்டிகளில் வடிக்கும் திருகு ஏற்கெனவே உண்டு. வருஷக்கணக்காகத் திறக்கப்படாமல் சேறு மூடிக் கிடக்கும். அத்தகைய தொட்டிக்குப் புதிதாகத் துளையிடுதல் வீண் வேலை. டிராக்டர், பவர் டில்லர் முதலியவற்றில் பில்டரின் கீழுள்ள கிண்ணத்தை ஒழுங்காகக் கழற்றிச் சுத்தம் செய்து வந்தாலே போதுமானது.

2020-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி செய்யப்பட்ட வண்டிகளுக்குச் சம்ப் அமைப்பது பொருத்தமன்று. இவற்றில் பல பிளாஸ்டிக் தொட்டி உள்ளவை. அத்தொட்டியை வெட்டினால் சரிவரப் பொருத்துவது கடினம். மேலும் டீசல் பில்டரிலேயே தண்ணீர் தங்கும் கிண்ணமும், அது நிரம்பினால் ஓட்டுநருக்கு முன் எரியும் எச்சரிக்கை விளக்கும் உள்ளன. அவ்விளக்கு எரிந்தவுடன் வடித்துவிடுவதே அவ்வண்டிக்குரிய பரிகாரம். தொட்டியை வெட்டிய வண்டிக்குக் கம்பெனியின் உத்தரவாதமும் கிடைக்காமற் போகலாம்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்று விதிக்கிறது. ஆகையால் எவ்வகைச் சம்ப்பாயினும், வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நலம். தகுதிச் சான்று புதுப்பிக்கும் வேளையில் தடை சொல்லப்பட்டால், செய்த செலவு வீணாவதோடு வண்டியும் அறுவடைக் காலத்தில் முடங்கிக் கிடக்கும்.

அமைக்கும் முறை

இவ்வேலையை அனுபவமுள்ள பட்டறையிலேயே செய்விக்க வேண்டும். எனினும் வண்டிக்காரர் முறையை அறிந்திருப்பது அவசியம்.

1. பாட்டரியின் இணைப்பைக் கழற்றி, டீசலை மூடியுள்ள சுத்தமான கேன்களில் இறக்கிவிட்டு, தொட்டியை வண்டியிலிருந்து தனியே எடுக்க வேண்டும். வண்டியில் இருக்கும்போதே துளையிடலாகாது.

2. நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டியே ஆபத்தானது. ஏனெனில் அதனுள் எண்ணெய் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். ஒரு பொறி பட்டாலும் தொட்டி வெடித்து உயிர்ச்சேதம் உண்டாகலாம். ஆகையால் சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவி, நன்றாக உலர்த்தி, காற்றோட்டமான வெளியிடத்தில் வைத்தே வேலை செய்ய வேண்டும். வெல்டிங் வைத்துச் சம்ப்பை ஒட்டுவதை அறவே விலக்கி, போல்ட் கொண்டு பொருத்துவதே தக்கது.

3. தொட்டியின் உள்ளேயுள்ள தடுப்புத் தகடுகளையும் விளிம்பு மூட்டுகளையும் தவிர்த்து, மிகத் தாழ்ந்த சமதளத்தில் இடம் குறிக்க வேண்டும். அவ்விடம் சைலன்சர் குழாய்க்கு அருகில் இருத்தலாகாது.

4. மெதுவாகச் சுழலும் வட்ட வாளால் துளையிட்டு, விளிம்பை அரத்தால் மழுக்கி, இரும்புத் தூள் ஒன்றும் உள்ளே தங்காதபடி மறுபடியும் கழுவித் துடைக்க வேண்டும்.

5. உட்புறம் ஒரு வளையமும் வெளிப்புறம் கிண்ணமுமாக வைத்து, இடையே கேஸ்கட் இட்டு, போல்ட்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். நம் மாவட்டம் ரப்பர் விளையும் நாடாயினும், இயற்கை ரப்பர் இவ்விடத்திற்கு உதவாது. டீசல் பட்டால் அது உப்பி மிருதுவாகிவிடும். நைட்ரில் ரப்பர் கேஸ்கட்டே வேண்டும். துத்தநாகம் பூசிய தகடும் செம்பும் டீசலைக் கெடுத்துப் பிசின் போன்ற கசடை உண்டாக்குவதால் அவற்றையும் விலக்க வேண்டும். அலுமினியக் கிண்ணம் ஏற்றது.

6. 12 செ.மீ. குறுக்களவும் 4 செ.மீ. ஆழமும் உள்ள கிண்ணம் ஏறக்குறைய 450 மில்லி லிட்டர் கொள்ளும். சாதாரண வண்டிக்கு இது போதுமானது. இதற்கு மேல் ஆழமாக்கினால் வயல் வரப்பிலும் மேட்டுப் பாதையிலும் தட்டும். கல் பட்டு உடையாதபடி கீழே ஒரு காப்புத் தகடு வைப்பதும் இன்றியமையாதது. தொட்டி முழுவதும் அக்கிண்ணத்தின் வழியாக வழிந்துபோகக்கூடும் என்பதை மறத்தலாகாது.

7. வண்டியில் ஏற்றுமுன் பத்து லிட்டர் டீசல் விட்டு, அடியில் உலர்ந்த காகிதம் விரித்து, ஓர் இரவு வைத்துப் பார்க்க வேண்டும். காகிதத்தில் ஒரு சொட்டும் காணக்கூடாது.

வடிக்கும் முறை

மழைக்காலத்தில் வாரத்திற்கு ஒருமுறையும் மற்றக் காலத்தில் மாதத்திற்கு ஒருமுறையும் வடித்தல் நலம். காலையில், எஞ்சினை இயக்குமுன், வண்டியை அசைக்காமல் திருகைத் திறந்து, ஒரு கண்ணாடிச் சீசாவில் பிடிக்க வேண்டும். சீசாவைச் சிறிது நேரம் வைத்தால், கீழே தண்ணீரும் மேலே டீசலுமாகப் பிரிந்து நிற்கும். தெளிந்த டீசல் வரும் வரையில் வடித்துத் திருகை மூடலாம். நடுவே கருத்த கசடு காணப்பட்டால் பூஞ்சை பற்றியிருப்பதாகக் கொண்டு, தொட்டியை இறக்கிச் சுத்தம் செய்விக்க வேண்டும். வடித்ததை வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றலாகாது. சிறிதளவு எண்ணெயும் நீர்ப்பரப்பில் வெகுதூரம் படர்ந்துவிடும். அதை மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்துப் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

செலவின்றிச் செய்யத்தக்கவை

சம்ப் அமைத்தாலும் அமைக்காவிட்டாலும் பின்வருவன யாவர்க்கும் உரியவை. மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைத்தால், பனி படியக் காற்றுக்கு இடமிராது. மூடியின் ரப்பர் வளையத்தைப் பருவமழைக்கு முன் பார்த்து மாற்ற வேண்டும். பீப்பாயைக் கூரையின் கீழ்ப் படுக்க வைத்து, இரு மூடிகளும் ஒரே மட்டத்தில் எண்ணெய்க்குள் அமிழ்ந்திருக்கும்படி செய்ய வேண்டும். வேட்டித் துணியில் வடிகட்டுவது தூசியைத் தடுக்குமேயன்றித் தண்ணீரைத் தடுக்காது. துணியின் நூல் துணுக்குகளும் உடன் செல்லும். வெள்ளத்தில் நின்ற வண்டியைத் தொட்டி வடிக்காமல் இயக்கவே கூடாது. அப்பொழுது ஒருநாள் பொறுத்தவருடைய பம்ப் பிழைக்கும். அவசரப்பட்டவர் பம்பையும் இன்ஜெக்டரையும் சேர்த்து இழப்பார்.

முடிவு

சம்ப் என்பது தண்ணீர் வருவதைத் தடுக்கும் கருவியன்று. வந்த தண்ணீர் சேர்ந்திருக்கும் இடமேயாகும். வடிக்க மறந்தவருக்கு அதனால் நன்மையைவிடத் தீமையே அதிகம். பழைய வண்டியும், ஒழுங்காக வடிக்கும் வழக்கமும், நல்ல பட்டறையும் வாய்த்தவர்கள் வடி சம்ப் அமைத்துக்கொள்ளலாம். மலைப்பாதையில் ஓயாது ஏறி இறங்குவோர் தண்ணீர் பிரிக்கும் பில்டருடன் ஊட்டு சம்ப் அமைத்தல் தகும். மற்றவர்கள் பில்டர் கிண்ணத்தை வடிப்பதிலும், டீசலை மழை படாமல் காப்பதிலும் கருத்தூன்றினால் போதுமானது. தூர் வாராத குளம் எவ்வளவு பெரிதாயினும் கடைசி வயலுக்குத் தண்ணீர் தாராது என்பதை நாஞ்சில் நாட்டுக் குடியானவர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை. அதே கவனத்தை வண்டியின் சிறு தொட்டியிடத்தும் செலுத்துவார்களாயின், விளைபொருள் உரிய வேளையில் சந்தையை அடைந்து, பட்ட பாட்டுக்குரிய பலன் கைக்கு வந்து சேரும்.